மலை ஏறும்போது முள் எங்கே நிற்கிறது?

டீசல் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

"அண்ணா வணக்கம். எஸ்டேட்டுக்குச் சாமான் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். 2017 மாடல், 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல், ஃபோர் வீல் டிரைவ். 1,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆழியாறிலிருந்து ஏறும்போது முன்பெல்லாம் மூன்றாவது கியரில் இழுத்த இடத்தில் இப்போது இரண்டுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, அந்த லோம்ஸ் வியூ தாண்டியதும் இது தெளிவாகத் தெரிகிறது. கறும்புகையும் வருகிறது. எஞ்சின் லைட் எரியவில்லை. ஒரு பட்டறையில் டர்போ போய்விட்டது என்கிறார்கள், இன்னொன்றில் இன்ஜெக்டர் என்கிறார்கள். நானே பார்த்துத் தெரிந்துகொள்ள பூஸ்ட் மீட்டர் போடலாம் என்று இருக்கிறேன். ஹோஸ் வைத்த முள் மீட்டரா, சென்சார் வைத்த எலக்ட்ரானிக் மீட்டரா, ஓபிடி-யில் சொருகி மொபைலில் பார்ப்பதா? எது நல்லது? வண்டிக் கம்பெனி பெயரைப் போட வேண்டாம்."
– வாசகர், வால்பாறை

தம்பி, முதலில் ஒன்று. மீட்டர் வாங்கிப் பார்க்கும்வரை டர்போவைக் கழற்ற விடாதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது கறும்புகைதான். டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்து டீசல் மட்டும் போய்க்கொண்டிருந்தால் பாதி எரிந்தது புகையாக வெளியே வரும். இழுவையும் இல்லை, புகையும் கறுப்பு என்றால் நான் முதலில் காற்றுப் பக்கம்தான் பார்ப்பேன். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் கறும்புகை கிளப்பும், மறுக்கவில்லை. ஆனால் காற்றுப் பக்கத்தைச் சோதிக்க ஆகும் செலவு மிகக் குறைவு. அதனால் அது முதலில்.

பூஸ்ட் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே டர்போ எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது என்பது. டயருக்கு 32 காற்று வைக்கச் சொல்கிறோமே, அதே பிஎஸ்ஐ கணக்குதான். கடல் மட்டத்தில் வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கிறது. டர்போ அதன்மேல் இன்னொரு 15 தள்ளினால், ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று எஞ்சினுக்குள் போகிறது. 1 பார் என்று போட்டிருந்தால் அது 14.5 பிஎஸ்ஐ, 100 கிலோபாஸ்கல். மூன்று அளவிலும் மீட்டர் வரும். ஒன்றைப் பழகிக்கொண்டு அதிலேயே இருங்கள்.

சரி, எது நல்லது? உங்கள் வண்டிக்கு இப்போதைக்கு ஓபிடி, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் எடுக்கும் சாக்கெட். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் சொருகி, மொபைலில் ஆப் போட்டுப் பார்ப்பது. வயர் வெட்ட வேண்டாம், ஹோஸ் வெட்ட வேண்டாம், அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் சாதாரண ப்ளூடூத் போதும். ஐபோன் என்றால் வைஃபை உள்ளதையோ ஐபோனுக்கு ஒத்துவரும் என்று அட்டையில் போட்டிருப்பதையோ கேட்டு வாங்குங்கள்.

ஆப்பில் 'மேனிஃபோல்டு பிரஷர்' என்று ஒரு எண் வரும், எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயில் உள்ள அழுத்தம். அது பூஸ்ட் இல்லை, மொத்த அழுத்தம். வெளிக்காற்றும் அதில் சேர்ந்தே இருக்கும். சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். ஆழியாறில் 97, 98 கிலோபாஸ்கல் பக்கம் காட்ட வேண்டும். வால்பாறை டவுனில் 90-க்கு அருகில். அப்படிக் காட்டினால் சென்சார் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓடும்போது வரும் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் பூஸ்ட். ஆழியாறில் 220 காட்டினால் 220-லிருந்து 98 போக 122, அதாவது பதினேழரை பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த ஓபிடி எண் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாது. ஒரு பைட்டில் அனுப்புகிறார்கள், அதன் உச்சம் அவ்வளவுதான். முள் 255-ல் போய் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், உண்மை அதற்கு மேலே இருக்கலாம். அப்புறம், ஒரே திரையில் எட்டு, பத்து மீட்டர் வைக்காதீர்கள். மலிவு அடாப்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித்தான் காட்டும், எல்லாம் தாமதமாகிவிடும். மேனிஃபோல்டு பிரஷர், ஆர்பிஎம், இரண்டு போதும். வண்டி நாலு நாள் சும்மா நிற்கப் போகிறது என்றால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியைக் குடிக்கும்.

இப்போது எப்படிப் பார்ப்பது. பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள், மொபைல் அவர் கையில் இருக்கட்டும். அந்தச் சாலையில் மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஓட்டுகிற ஆள் திரையைப் பார்க்கவே கூடாது. இரண்டு வளைவுக்கு நடுவில் நேராக ஏறும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்றாவது கியரில், 2,000 ஆர்பிஎம்மில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, அப்போது வரும் எண்ணை எழுதச் சொல்லுங்கள். லோடு இல்லாமல் ஒரு தடவை, வழக்கமான லோடோடு ஒரு தடவை. மறுநாள் அதே இடம், அதே கியர். இப்படி எழுதிய ஒரு தாளோடு பட்டறைக்குப் போனால் உங்களிடம் யாரும் சும்மா ஒரு பேச்சுக்கு 'டர்போ போச்சு' என்று சொல்ல முடியாது. நல்ல ஸ்கேனர் உள்ள பட்டறையில் இன்னொன்றும் கேளுங்கள்: வண்டியின் கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்ட் எவ்வளவு, உண்மையில் வரும் பூஸ்ட் எவ்வளவு, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் காற்று எங்கோ வெளியே போகிறது, அல்லது டர்போ தள்ளவில்லை.

காற்று வெளியே போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். போன வருடம் இதே புகாரோடு ஒரு வண்டி வந்தது. அவர்களும் டர்போவுக்கு விலை கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பேனட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தம். டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டேன். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய செம்மண். கிளிப்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, நகத்தால் கீறியது போல ஒரு கோடு. சும்மா இருக்கும்போது உதடு மூடியது போல மூடிக்கொண்டிருந்தது. ஹோஸின் வாயை ஒரு பிவிசி மூடியால் அடைத்தோம், அந்த மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தேன். அதன் வழியாக 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் தடவினேன். அந்தக் கோடு மெதுவாக வாயைத் திறந்தது. நுரை கொப்பளித்துக்கொண்டு வந்தது. வண்டிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. ஹோஸ் ஒன்று, கிளிப் இரண்டு மாற்றினோம். அன்று மாலையே பழைய கியரில் ஏறினார்.

உங்களுக்கும் இதேதான் என்று நான் சொல்ல முடியாது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவின் இறக்கைகளை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கலாம், அந்த இறக்கைகளே கரி பிடித்து இறுகியிருக்கலாம். பூஸ்ட் குறைவு என்று கம்ப்யூட்டர் முடிவு செய்தால் பி0299 என்ற பிழைக் குறியீட்டைப் பதியும். எஞ்சின் லைட் எரியாவிட்டாலும் நினைவில் வைத்திருக்கலாம், அதே ஆப்பில் படித்துப் பாருங்கள். டர்போவைக் கழற்றுவது இவை எல்லாம் பார்த்து முடித்தபிறகு.

வண்டி சரியான பிறகு, நிரந்தரமாக ஒரு மீட்டர் வைக்கச் சொல்வேன். மொபைலைத் தினமும் யாரும் மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், மூன்றாவது வாரமே விட்டுவிடுவோம். உங்களுக்கு எலக்ட்ரானிக் மீட்டர். எஞ்சின் பக்கம் ஒரு சென்சார், அதிலிருந்து மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கேபினுக்குள் வயர் மட்டும்தான் வரும், அழுத்தமான காற்று வராது. முள் உடனுக்குடன் அசையும். முகப்பு 0-விலிருந்து 30 பிஎஸ்ஐ இருப்பதை வாங்குங்கள். பெட்ரோல் வண்டி மீட்டரில் பாதி வட்டம் வேக்கத்துக்குப் போய்விடும், டீசலுக்கு அது வீண்.

சென்சாருக்கு அழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இன்டர்கூலருக்குப் பிறகு, எஞ்சினுக்கு அருகில் எடுக்க வேண்டும். கம்பெனி சென்சாருக்குப் போகும் சின்ன ஹோஸில் டி (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு எடுப்பது சுலபம், நானும் அப்படித்தான் செய்தேன். 2011-ல் என் சொந்த ஜீப்பில். கையில் இருந்தது மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் டி. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் வீட்டாரோடு குன்னூருக்கு ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் வண்டி செத்துவிட்டது போல ஆனது. சூட்டில் அந்த டி இளகி உடைந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு பூஸ்ட்டே இல்லை என்று தகவல் போய், அது டீசலைக் குறைத்துவிட்டது. பின்னால் பஸ், லாரி என்று வரிசை. மழை வேறு. ஹோஸை நேராகச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டி வந்தேன். அன்றிலிருந்து பித்தளை டி, ஒவ்வொரு முனைக்கும் கிளிப், இது இல்லாமல் யார் வண்டிக்கும் நான் மாட்டுவதில்லை.

உங்கள் வண்டி போன்ற பலவற்றில் சென்சார் நேராக மேனிஃபோல்டில் உட்கார்ந்திருக்கும், ஹோஸே இருக்காது. அப்போது இன்டர்கூலர் பைப்பில் 1/8 அங்குல மரை வைத்த ஒரு புஷ்ஷை லேத்தில் வெல்டு செய்து வாங்க வேண்டும். பைப்பை வண்டியிலிருந்து கழற்றிக் கொடுங்கள். வண்டியில் வைத்துக்கொண்டே துளை போட்டால் உள்ளே விழும் அலுமினியத் தூள் நேராக எஞ்சினுக்குப் போகும். மீட்டரை வலது பக்கக் கண்ணாடித் தூணில் வைக்க ஆசைப்படுவீர்கள். அந்தத் தூணில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால் அங்கே வைக்கவே கூடாது. டேஷ்போர்டின் மேல், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வையுங்கள்.

*

"ஐயா, நான் ஊட்டியில் இருக்கிறேன். ஓபிடி ஆப்பில் பூஸ்ட் மீட்டர் வைத்தேன். மேட்டுப்பாளையத்தில் ஐடிலில் 0 காட்டுவது, ஊட்டிக்கு வந்தால் மைனஸ் 3 காட்டுகிறது. எங்காவது லீக்கா?"
– வாசகர், உதகமண்டலம்

லீக் இல்லை. ஊட்டியில் அரிசியைக் குக்கரில்தானே வைக்கிறீர்கள்? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதம் வேக நேரமாகும். காற்றின் அழுத்தம் அங்கே குறைவு, அதே காரணம்தான் இதற்கும். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் உள்ள காற்று, 2,240 மீட்டர் உயரத்தில் 77, 78 அளவுக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆப் எல்லா ஊருக்கும் 14.7 பிஎஸ்ஐயையே கழிக்கிறது. ஊட்டிக் காற்று 11 சொச்சம்தான் என்பதால் மிச்சம் மைனஸில் போகிறது.

ஆப்பின் அமைப்புகளில் வெளிக்காற்று அழுத்தத்தை வண்டியிலிருந்து எடுக்கச் சொல்லும் வசதி இருக்கிறதா பாருங்கள். வண்டி அந்த எண்ணைக் கொடுக்கவில்லை என்றால், மொத்த அழுத்தத்தையே பார்த்துப் பழகுங்கள். என்னைக் கேட்டால் மலைவாசிகளுக்கு மொத்த அழுத்தம்தான் மேல். எஞ்சினுக்குள் உண்மையில் எவ்வளவு காற்று போகிறது என்பதை அது நேராகச் சொல்லும். ஊட்டியில் 15 பிஎஸ்ஐ பூஸ்ட்டும் மேட்டுப்பாளையத்தில் 15 பிஎஸ்ஐ பூஸ்ட்டும் ஒரே காற்று அல்ல. மேலே அதே அளவு காற்றைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த வண்டிகளின் ஏர் ஃபில்டரை நான் சீக்கிரம் மாற்றச் சொல்வது அதனால்தான்.

*

"எங்களிடம் பழைய டர்போ டீசல் ஜீப் இருக்கிறது. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, பம்ப் வண்டி. கொல்லிமலைக்கு வாரம் இரண்டு முறை ஏறுவோம். இதற்கு எந்த மீட்டர்?"
– வாசகர், நாமக்கல்

ஹோஸ் வைத்த முள் மீட்டர், வேறு யோசனையே வேண்டாம். உள்ளே இருப்பது வளைந்த தட்டைப் பித்தளைக் குழாய் ஒன்றுதான். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அது முள்ளைத் தள்ளும். 1849-ல் பிரான்சில் பூர்தோன் என்பவர் காப்புரிமை வாங்கிய வேலை, இன்றுவரை அப்படியே இருக்கிறது. கரண்ட் வேண்டாம், லைட்டுக்கு மட்டும் ஒரு வயர். நீங்கள் கொல்லிமலை ஏறினாலும் இறங்கினாலும் 0 அதே 0-தான், ஏனென்றால் அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டே காட்டுகிறது.

ஹோஸைச் சைலன்சர் பக்கமும் டர்போ பக்கமும் கொண்டு போகாதீர்கள். கேபினுக்குள் நுழையும் இடத்தில் தகட்டின் விளிம்பு அறுக்காமல் ரப்பர் வளையம் போடுங்கள். முள் நடுங்கினால், பாக்கெட்டில் சின்னத் துளை போட்ட பித்தளை அடைப்பு ஒன்று கொடுத்திருப்பார்கள், அதை ஹோஸுக்குள் தள்ளுங்கள்.

உங்கள் டீசல் பம்ப்பில் இன்னொன்றையும் பாருங்கள். மேனிஃபோல்டிலிருந்து பம்ப்பின் தலைக்கு ஒரு சின்ன ஹோஸ் போகிறதா? பூஸ்ட் வந்துவிட்டது, டீசலைக் கூட்டு என்று பம்ப்புக்குச் சொல்வது அதுதான். அது வெடித்தால் மீட்டரில் பூஸ்ட் காட்டும், புகையும் இருக்காது, ஆனால் வண்டி இழுக்காது. எழுபது கொண்டை ஊசி வளைவில் அந்த ஹோஸை நம்பித்தான் ஏறுகிறீர்கள். கையோடு புதிதாக மாற்றிவிடுங்கள்.

*

"பூஸ்ட் மீட்டர் வைத்துவிட்டேன், 3 லிட்டர் ஃபார்ச்சூனர். டிரெய்லரில் படகு இழுப்பேன். இன்னொரு மீட்டர் வேண்டுமா?"
– வாசகர், தூத்துக்குடி

சுமை இழுக்கிறீர்கள் என்றால் வேண்டும். புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர், பைரோமீட்டர் என்பார்கள். பூஸ்ட் எவ்வளவு காற்று போகிறது என்று சொல்கிறது, பிஸ்டன் எவ்வளவு சூட்டைத் தாங்குகிறது என்று அதற்குத் தெரியாது. காற்று லீக் ஆகும் வண்டியில் பூஸ்ட் குறையும், சூடு ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். சூட்டை உணரும் அதன் கம்பியை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வைப்பது சரியான இடம். நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸ் தாண்டி நிற்க விடாதீர்கள், காலை எடுங்கள் அல்லது ஒரு கியர் இறக்குங்கள். மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத்தான் துளை போட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று டர்போவுக்குள் போனாலும் இறக்கை போய்விடும். அதைக் கழற்ற முடியாது என்று சொல்லும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

*

"மீட்டரில் 17-தான் வருகிறது. ஆக்சுவேட்டர் ஸ்க்ரூவைத் திருகி 25 வைக்கலாமா? நண்பர் வைத்திருக்கிறார்."
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். காமன் ரெயில் வண்டியில் கம்ப்யூட்டர் கேட்டதைவிட அதிகம் வந்தால் பி0234 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்து, சக்தியைக் குறைத்துவிடும். அப்படி நிறுத்தாத வண்டியில் டர்போ அளவுக்கு மீறிச் சுற்றி, பேரிங் போகும். 17 ஒழுங்காக, தினமும் அதே இடத்தில் வருகிறது என்றால் உங்கள் வண்டி நன்றாக இருக்கிறது. அந்த எண்ணைத் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். அது 13 ஆகும் நாளில் எனக்கு எழுதுங்கள்.